ஜேஇஇ-யில் 74 பெர்சன்டைல்: இனி எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் நாமக்கல் மாவட்டம். என் மகன் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். இரண்டு வருடமும் பள்ளியிலேயே ஜேஇஇ கோச்சிங் போட்டிருந்தோம். ஜனவரியில் 68, ஏப்ரலில் 74 பெர்சன்டைல்தான் வந்தது. பிளஸ் டூவில் கணிதம் 91, இயற்பியல் 84, வேதியியல் 87. பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் இவன்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான். ‘இந்த ஜேஇஇ மார்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்காது, இப்போதே அட்வான்ஸ் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். ஒரு வருடம் விட்டு மறுபடியும் எழுதவைக்கலாமா என்று கணவர் கேட்கிறார். பையன் ரூமை விட்டு வெளியே வருவதில்லை. லேப்டாப் இப்போதே வாங்க வேண்டுமா என்பது வரை எல்லாம் குழப்பமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: போன் செய்கிறவரிடம் பணம் கட்டப்போவதில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அவர் உங்களைப் பயமுறுத்தச் சொல்லும் வாக்கியமே தப்பு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் என 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் சீட்டுகள் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சிலிங் வழியாகத்தான் நிரம்புகின்றன. அந்தத் தரவரிசை ஜேஇஇ மதிப்பெண்ணை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நுழைவுத் தேர்வை ரத்து செய்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் கணக்கு.

74 பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு 74 மார்க் அல்ல. எழுதியவர்களில் 26 சதவீதம் பேர் மகனுக்கு மேலே இருக்கிறார்கள் என்று பொருள். 2025-ல் இரண்டு அமர்வுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 14.75 லட்சம் பேர் எழுதினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அகில இந்திய ரேங்க் 3.8 லட்சத்தை ஒட்டி வரும். ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத மேலிருந்து இரண்டரை லட்சம் பேரைத்தான் எடுக்கிறார்கள். 2025-ல் அதற்கான ஓ.பி.சி. எல்லை 79.43, பொதுப்பிரிவுக்கு 93.10. ஆகவே ஐ.ஐ.டி. வழி இந்த முறை இல்லை. என்.ஐ.டி., ட்ரிபிள் ஐ.டி. பக்கமும் இந்த ரேங்குக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. இந்த நிறுவனங்களுக்கான மத்திய கலந்தாய்வான ஜோசாவில் பதிந்து வைப்பதால் நஷ்டமில்லை என்றாலும், அதை நம்பி டி.என்.இ.ஏ. வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

80, 90 பெர்சன்டைல் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய கலந்தாய்வில் செல்லாது. கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று காட்டும் ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும். இது கையில் இல்லாமல் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு சீட்டை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் மகனுக்கு உண்மையில் முக்கியமான எண்ணுக்கு வருவோம். டி.என்.இ.ஏ. தரவரிசைக்கான இந்த எண்ணைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று மொத்தம் 200. மகனுக்கு 91, 42, 43.5. கூட்டினால் கட்-ஆஃப் 176.5. (சி.பி.எஸ்.இ. போன்ற வேறு போர்டில் படித்தவர்களின் மதிப்பெண்ணை, அந்தந்தப் பாடத்தில் ஸ்டேட் போர்டு முதல் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுச் சமன்செய்த பிறகுதான் இந்தக் கூட்டல்.)

176.5 நல்ல எண்ணா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘போன வருஷம் இத்தனைக்கு இந்தக் காலேஜ் கிடைத்தது’ என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2024-லும் 2025-லும் கவுன்சிலிங்கின் முதல் சுற்றில் அழைக்கப்பட்டவர்களின் கட்-ஆஃப் 179-ல் முடிந்தது. ஆனால் 2024-ல் அந்த 179-க்கான பொது ரேங்க் சுமார் 26,600. 2025-ல் அதே 179-க்கு சுமார் 39,100. ஒரே மதிப்பெண்ணுக்கு வரிசையில் 12,000 இடம் பின்னால். மாணவர்கள் மந்தமாகிவிடவில்லை, மதிப்பெண் தாராளமாகிவிட்டது. வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 2024-ல் 471 பேர், 2025-ல் 3,181 பேர். 200-க்கு 200 கட்-ஆஃப் 65 பேரிலிருந்து 144 பேராகியது. எனவே போன வருடத்துக் கட்-ஆஃபை இந்த வருடத்துக் கட்-ஆஃபோடு ஒப்பிடுவதில் பாதி நேரம் ஏமாற்றம்தான். ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுங்கள். பி.சி. ஒதுக்கீட்டு இடங்களுக்கு பி.சி. ரேங்கை பி.சி. ரேங்கோடு ஒப்பிடுங்கள். தரவரிசைப் பட்டியலில் இரண்டு ரேங்கும் தனித்தனியாக இருக்கும்.

மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தால், 2025 கணக்கில் முதல் சுற்றுப் பகுதியில் சராசரியாக ஒரு கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குள் 1,800 பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கணிதத்தில் கூடும் ஒரு மார்க் முழு மார்க்காகச் சேரும், இயற்பியலிலும் வேதியியலிலும் அரை மார்க்தான். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் கணிதத்தில் நாலைந்து மார்க் வித்தியாசம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, பள்ளிக் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் ‘இங்கே ஸ்டெப் மார்க் போடவில்லை’ என்று விரல் வைத்துக் காட்டினால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். இதற்கான கெடு சில நாட்கள்தான்.

ஒரு வருடம் விடுவது பற்றி உங்கள் கணவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பதில், ஜேஇஇ-யில் மகன் குறித்த விடைகளைக் காட்டும் ரெஸ்பான்ஸ் ஷீட்டில் இருக்கிறது. அதை எடுத்துவைத்து எத்தனை கேள்வி தொட்டார், எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணுங்கள். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. 60 கேள்வி தொட்டு 25 சரி, 35 தப்பு என்றால் 65 மார்க். அதே 25 சரியோடு தப்புகளைப் பத்துக்குள் நிறுத்தியிருந்தால் 90. இப்படி ஊகத்தில் தட்டி மார்க்கை இழந்திருந்தால் பயிற்சியால் சரிசெய்யலாம். தொட்டதே 30 கேள்விதான், அதிலும் பதினோராம் வகுப்புப் பாடம் முழுக்கக் காலி என்றால், அது ஒரு வருடத்தில் இரண்டு வருடப் பாடத்தைப் புதிதாகப் படிக்கும் வேலை. 74-லிருந்து 80-க்குப் போனாலும் கதை பெரிதாக மாறாது. ஓ.பி.சி. ஒதுக்கீட்டிலும் பெரும்பாலும் 95-க்கு மேல் போனால்தான் என்.ஐ.டி. பேச்சே எழும். அந்தத் தூரத்தை மகன் தானாகவே ஓட நினைக்கிறாரா என்று கேளுங்கள். அப்பாவுக்காக ஓடுவதானால் வேண்டாம்.

வருடம் விடுவதில் பலர் கவனிக்காத இன்னொரு செலவு உண்டு. அடுத்த வருடம் டி.என்.இ.ஏ.-வுக்குப் பழைய பிளஸ் டூ மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே 176.5 அடுத்த வருடத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு வரிசையில் நிற்க வேண்டும். மேலே சொன்ன 12,000 இடச் சரிவு மாதிரி ஒன்று நடந்தால், இன்று கிடைக்கும் சீட்கூட அன்று கிடைக்காது. ஆக, ஜேஇஇ கைகொடுக்காவிட்டால் இந்த வருடத்து நிலைக்கே திரும்பிவரலாம் என்று எண்ண முடியாது. என் கருத்து, ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஆறே பெர்சன்டைல் ஏறியிருக்கும் நிலையில், இந்த வருடமே சேர்ந்துவிடுவதுதான். ஐ.ஐ.டி. என்ற பெயர் மீது ஆசை இருந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2021-லிருந்து டேட்டா சயின்ஸில் நடத்தும் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். அது பி.டெக். அல்ல, பெரும்பகுதி ஆன்லைன் படிப்பு என்பது தெரிந்தே சேர வேண்டும். முதல் செமஸ்டரிலேயே பி.இ.-யோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் கெடும்.

இப்போது போன்காரர். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசுக்கு ஒப்படைக்கின்றன, சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். மீதி நிர்வாக ஒதுக்கீடு. அவர் விற்பது அந்த மீதியைத்தான். பல கல்லூரிகளில் அதே பாடப்பிரிவின் அரசு ஒதுக்கீட்டு இடம் இரண்டாம், மூன்றாம் சுற்று வரை காலியாக இருக்கும். 176.5 வைத்திருப்பவருக்கு அது கவுன்சிலிங்கிலேயே வரும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு விதித்தபடி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. (சேரும் ஆண்டுக்கான ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இது நான்கு வருடத்துக்கு ஓடும் வித்தியாசம். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்த நிமிடத்தில் அது போய்விடும். கல்விக்கடன் கேட்கும்போதும் கவுன்சிலிங் அலாட்மென்ட் கடிதம் இருந்தால் வங்கியில் பேச்சு சுலபம். இதற்கெல்லாம் மேலே, ரசீது இல்லாமல் கேட்கும் ‘டொனேஷன்’ 1992-ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆகவே எழுத்தில் எதுவும் தரமாட்டார்கள். எழுத்தில் இல்லாத பணம் திரும்பி வராது.

ஏற்கெனவே எங்காவது கட்டியிருந்தால் பதற வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் செயல்முறைக் கட்டணமாக அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கல்லூரிக்கு உரிமையில்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பித் தேதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நேரில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரி, பாடப்பிரிவுகளை விருப்ப வரிசையில் பட்டியலிட்டுப் பதிவது. மகன் இருக்கும் நிலையில் கல்லூரியின் தரத்தை ஜேஇஇ-யைவிட இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கப்போகிறது. 2024, 2025 இரண்டு வருடமும் 179-க்குக் கீழே இருந்தவர்கள் இரண்டாம் சுற்றில் வந்தார்கள். 2025-ல் அந்தச் சுற்று 143 வரை போனது. எனவே மகனும் இரண்டாம் சுற்றில், அதுவும் அதன் மேல்முனையில் வர வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் மிச்சமானதெல்லாம் இவருக்கும் இவரை ஒட்டியவர்களுக்கும் முதலில் திறக்கும். முதல் சுற்றின் கடைசியில் திணறுவதைவிட இது சில நேரம் வசதியான இடம்.

சீட் ஒதுக்கும் முறை புரிந்தால் பட்டியல் போடுவது எளிது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் மகனின் முறை வரும்போது அவருடைய பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே பொதுப்பிரிவு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் பி.சி. இடம் இருக்கிறதா? இல்லையா, இரண்டாவது வரி. இப்படிக் கீழே இறங்கி, முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது, அந்த வரி வெறுமனே தாண்டப்படும். அதேபோல், ‘எப்படியும் கிடைக்கும்’ என்று ஒன்றை மேலே போட்டால், அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரிகளை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பயத்தில் பலர் செய்யும் தவறு இந்த இரண்டாவதுதான். பட்டியலின் வரிசை உங்கள் விருப்பத்தின் வரிசையாக மட்டும் இருக்கட்டும். வாய்ப்பைக் கணக்குப் போடும் வேலையைக் கணினிக்கு விட்டுவிடுங்கள்.

வாய்ப்புக் கணக்கு தேவைப்படுவது பட்டியலின் நீளத்துக்குத்தான். தரவரிசை வருவதற்கு முன்பே ஒரு பெரிய நோட்டில் அல்லது எக்செல்லில் கோடு போடுங்கள்: கல்லூரி எண், பெயர், பாடப்பிரிவு, 2024-ல் கடைசியாக பி.சி.-யில் சீட் வாங்கியவரின் ரேங்க், 2025-ல் அதே ரேங்க், வீட்டிலிருந்து தூரம், கட்டணம். முந்தைய வருட விவரங்கள் டி.என்.இ.ஏ. தளத்தில் சாதிப்பிரிவு வாரியாகக் கிடைக்கும். ரேங்க் வந்ததும், உதாரணமாக மகனின் பி.சி. ரேங்க் 18,000 என்று வைத்தால், போன வருடம் 13,000-த்திலேயே முடிந்துவிட்ட கல்லூரிகளில் பிடித்த பத்துப் பதினைந்து, 18,000-த்தைச் சுற்றி முடிந்ததில் நாற்பது, 25,000, 30,000 வரை நீண்டதில் ஒரு முப்பது. மொத்தம் எண்பது வரி இருந்தால் நிம்மதி. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. பத்து வரியோடு நிறுத்திவிட்டு ‘சீட்டே வரவில்லை’ என்று நிற்பவர்கள் உண்டு. அதற்காக, கொடுத்தாலும் சேரமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை ஒருபோதும் போடாதீர்கள். கடைசி வரி வரை எதைக் கொடுத்தாலும் சம்மதம் என்ற நிலையில் பட்டியல் இருக்க வேண்டும்.

பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் கல்லூரி எண்ணை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு கல்லூரிகள் இருக்கும், ஊர் வேறு, தரம் வேறு. சில அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு இரண்டு வரியாக வரும். ‘எஸ்.எஸ்.’ என்று ஒட்டியிருப்பது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். ஓ.டி.பி. போட்டு லாக் செய்வதற்கு முன், பட்டியலை அச்செடுத்து வேறொருவர் எண்களை உரக்கப் படிக்க, மகன் நோட்டோடு ஒத்துப்பார்க்கட்டும். மூன்று நாள் அவகாசத்தில் கடைசி நாள் மாலை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். வந்த சீட் பிடித்திருந்தால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’. இதைக் கொடுத்துவிட்டு, சொன்ன கெடுவுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டாவிட்டால் சீட் ரத்து. வந்ததும் வேண்டும், மேலே உள்ள வரிகள் காலியானால் அதுவும் வேண்டும் என்றால் ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’. இதற்குக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும், ‘ஐயோ அதுவே பரவாயில்லை’ என்று திரும்ப முடியாது. வரிசை உண்மையான விருப்பப்படி இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியதற்கு இதுவும் காரணம். ‘டிக்ளைன் அண்ட் அப்வேர்டு’ கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே பார்ப்பது. வந்த சீட்டில் எந்த நிலையிலும் சேரமாட்டோம் என்றால் ஒழிய அதைத் தொடவே வேண்டாம். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் இரண்டு நாளைத் தாண்டவிட்டால் சீட் போய்விடும். அந்த இரண்டு நாளில் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வேலை வந்தாலும் போனும் நெட்டும் இருக்கட்டும்.

எந்தக் கல்லூரிகளைப் பட்டியலில் சேர்ப்பது? உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி, சித்தோடு பக்கம் இருக்கும் ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரி, தர்மபுரி, பர்கூர் ஆகிய நான்கையும் எல்லாப் பாடப்பிரிவுகளோடும் முதலில் எழுதுங்கள். பிறகு விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி, திண்டுக்கல், திருச்சி என்று பரவியிருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். இவற்றின் கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு, சான்றிதழின் பெயரும் அண்ணா பல்கலைக்கழகம்தான். கட்டடம் பளபளப்பாக இருக்காது என்பதால் பலர் ஒதுக்குவார்கள், நீங்கள் ஒதுக்காதீர்கள். விடுதி எப்படி என்று மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

தனியார் கல்லூரிகளைச் சலிப்பதற்கு விளம்பரத்தைத் தவிர எல்லாவற்றையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. ஒரே செமஸ்டரைப் பார்க்காமல் நாலைந்தை வரிசையாகப் பாருங்கள், தொடர்ந்து 40 சதவீதத்துக்குக் கீழே கிடக்கும் கல்லூரியை அடித்துவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் கேள்வித்தாளைத் தாங்களே தயாரிப்பதால் அவற்றின் 90 சதவீதத்தை இதோடு ஒப்பிடக் கூடாது. தர மதிப்பீடுகளில் நாக் கிரேடு கல்லூரி முழுமைக்கும், என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ.-வை வாசலில் பலகையாக மாட்டி வைத்திருப்பார்கள், மகன் சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது ஆசிரியர்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்த விவகாரம் 2024-ல் வெளிவந்தது. அதனால் இணையதளப் பட்டியலை மட்டும் நம்பாமல், வேலை நாளில் போய், மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் ‘இந்த செமஸ்டரில் எத்தனை பாடத்துக்கு நடுவில் சார் மாறினார்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும். வேலைவாய்ப்பில் ‘அதிகபட்சச் சம்பளம்’ உங்களுக்குத் தேவையில்லாத எண், அது ஒரே ஒருவர் வாங்கியது. அந்தப் பிரிவில் படித்தவர் எத்தனை பேர், வேலை கிடைத்தவர் எத்தனை பேர், நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிவாதம் பற்றி: பிடித்திருந்தால் எடுக்கட்டும். ஆனால் கணினிப் பிரிவுகளில் 2024-25-லிருந்து சேர்க்கை உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டதால் சில கல்லூரிகளில் அந்தப் பிரிவுகள் பல நூறு பேராக வீங்கிவிட்டன, ஆசிரியர்கள் அதே வேகத்தில் வரவில்லை. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐ.டி. ஆகியவற்றின் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நெருக்கமானவை. பெயருக்காக மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, சேலம் அரசுக் கல்லூரியில் இ.சி.இ.-யோ இ.இ.இ.-யோவா என்று கேட்டால், நான் இரண்டாவதை மேல் வரியில் போடுவேன். கணினி ஆர்வத்துக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து மைனர் (துணைப் பாடப்பிரிவுத் தகுதி) வாங்க வழி இருந்தது, சேரும் ஆண்டின் பாடத்திட்டத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கோடிங் கற்கப் பிரிவு தடையில்லை. ஆனால் மின்சுற்று என்றாலே வெறுப்பு என்று மகன் சொன்னால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், நான்கு வருடம் படிக்கப்போவது அவர்.

சான்றிதழ் வேலையை இந்த வாரமே முடியுங்கள். பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே போடுங்கள், விசாரணைக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று கையெழுத்துகள் நகர நாளாகும். அதோடு பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழிப் படிவமும் வேண்டும். மகனின் அண்ணனோ அக்காவோ இதே சலுகையில் ஏற்கெனவே படித்திருந்தால் இவருக்குக் கிடைக்காது. எட்டிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. பெயரின் இனிஷியல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்றும் சாதிச் சான்றிதழில் இன்னொன்றுமாக இருப்பதுதான் சரிபார்ப்பில் அடிக்கடி மாட்டும் இடம், இப்போதே ஒத்துப்பாருங்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய் (எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250). பதிவில் உங்கள் வீட்டு போன் எண்ணையே கொடுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும், பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு சாய்ஸ் லாக் செய்யும் நாளில் அவரைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

மகன் அறையை விட்டு வராதது பற்றி: ஜேஇஇ பற்றி இப்போதைக்குப் பேச்செடுக்காதீர்கள், உறவினர்கள் எடுத்தாலும் நீங்களே பதில் சொல்லி முடித்துவிடுங்கள். மேலே சொன்ன எக்செல் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். தன் ரேங்குக்கு எதெல்லாம் திறக்கும் என்று அவரே பார்க்கட்டும். நீங்களும் கணவரும் ஒரு நாள் சேலம், ஒரு நாள் ஈரோடு என்று அவரோடு கல்லூரி பார்க்கக் கிளம்புங்கள். சாப்பாடு, தூக்கம் இரண்டும் குலைந்து இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் எதாவது சொன்னாலோ, காத்திருக்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

லேப்டாப் இப்போது வேண்டாம். பாடப்பிரிவு முடிவாகாமல் வாங்கினால், மெக்கானிக்கலோ சிவிலோ கிடைத்த பிறகு வரைபட மென்பொருளுக்கு அது போதவில்லை என்று மறுபடி செலவு வரும். முதல் செமஸ்டரில் புரோகிராமிங் லேப் இருந்தாலும் அதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே சமாளிக்கலாம். சேர்ந்து ஒரு மாதம் கழித்து, சீனியர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, 16 ஜி.பி. நினைவகத்துக்குக் குறையாமல் ஒன்று வாங்குங்கள்.